பெரியப்பாவின் சிவப்புப் போத்தல்: தங்க நானோ துகள் சிகிச்சை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி என் பெரியப்பா. வயது 69. யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் நாற்பது வருடத்துக்கு மேல் நகைவேலை செய்தவர், கண் மங்கத் தொடங்கியதும் பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார். "எழுது தம்பி, நான் விட்ட பிழையை இன்னொருத்தர் விடக் கூடாது" என்று சொல்லி ரிப்போர்ட்டுகள் இருந்த பையை அப்படியே தூக்கித் தந்தார். நான் வைத்தியன் இல்லை, உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். சிகிச்சை பற்றிய முடிவுகள் எல்லாம் அவருடைய வைத்தியர்கள் எடுத்தவை. நான் இதற்குள் வந்தது ஒரு சிவப்புப் போத்தலால்.

2023 ஆனி மாதம் அளவில் இரவில் நாலைந்து தரம் சலம் கழிக்க எழும்பத் தொடங்கினார். வயது போனால் அப்படித்தான் என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டார், பெரியம்மாதான் இழுத்துக்கொண்டு போனவர். பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, அதாவது சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி விடும் ஒரு புரதத்தின் அளவு, 9.2 காட்டியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புரோஸ்டேட் சுரப்பியின் வலப்பக்கத்தில் 11 மில்லிமீற்றரில் ஒரே ஒரு கட்டி. பயொப்சியில், அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில், புற்றுநோய் என்று உறுதியானது, அதன் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண் 3+4, மொத்தம் 7. எலும்பு ஸ்கானில் பரவல் இல்லை. அதாவது நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறது, ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் அளவுக்குச் சாதுவானதும் இல்லை. வைத்தியர் இதை இடைநிலை ஆபத்து என்று சொல்லி, சத்திரசிகிச்சை அல்லது கதிர்ச் சிகிச்சை, இரண்டில் எது என்று வீட்டில் கதைத்து இரண்டு கிழமையில் வந்து சொல்லச் சொன்னார்.

பெரியப்பா திரும்பக் கிளினிக்குக்குப் போனது ஏழு கிழமை கழித்து.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. முதலில் பயம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சலம் கட்டுப்படாமல் போகலாம், தாம்பத்தியமும் பாதிக்கப்படலாம் என்று வைத்தியர் நேர்மையாகச் சொன்னது அவர் மனதில் கல்லாக நின்றுவிட்டது. இதை அவர் பெரியம்மாவிடமோ பிள்ளைகளிடமோ சொல்லவில்லை, எனக்கே மிகவும் பிந்தித்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, பெரியப்பாவின் மகன், ஒரு வீடியோ அனுப்பினார்: அமெரிக்காவில் தங்கத் துகள்களைச் செலுத்தி, வெட்டாமல் கொத்தாமல் புரோஸ்டேட் புற்றுநோயை அழிக்கிறார்கள், அந்தப் பக்கவிளைவுகளும் இல்லை என்று. அண்ணா அனுப்பியதில் பொய் இல்லை, அப்படி ஒரு ஆய்வு உண்மையாகவே நடந்தது. ஆனால் அந்த வீடியோவைப் பெரியப்பா பத்துப் பேருக்குக் காட்ட, அதில் ஒருவர் "இங்கேயே கிடைக்குது" என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நானோ தங்கம், காலையும் மாலையும் ஒவ்வொரு மூடி, விலை 18,000 ரூபா. யார் விற்றது என்று இங்கே எழுதவில்லை, ஆளைப் பிடிப்பது இந்த எழுத்தின் வேலை இல்லை.

ஒரு படித்த மனிதர், கிளினிக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இதை நம்பினார்? நான் கேட்டேன். அவர் சொன்னது: "நாப்பது வருசம் தங்கத்தோட சீவிச்சனான் தம்பி. அது துருப்பிடிக்காது, கெடாது. என்ர உடம்புக்க போய் அது என்ன கெடுதல் செய்யப் போகுது?" இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தங்கம் எளிதில் தாக்கமடையாது என்பது உண்மை, ஆய்வாளர்கள் தங்கத்தைத் தேர்ந்ததற்கும் அது ஒரு காரணம். அவருடைய தர்க்கம் பாதி தூரம் சரியாகத்தான் போனது.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம்.

அந்த அமெரிக்க ஆய்வு

ஹியூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோரின் குழுக்கள் தங்க நானோ ஓடுகளை உருவாக்கி, 2003 இல் எலிகளில் இருந்த கட்டிகளை அவற்றால் சூடாக்கி அழிக்க முடியும் என்று காட்டின. ஓடு என்றால், நடுவில் சிலிக்கா உருண்டை, மணலில் இருக்கும் அதே சேர்வை. அதற்கு மேல் மெல்லிய தங்கப் படை. மொத்த விட்டம் 150 நானோமீற்றர் அளவு, ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஐந்நூறு ஓடுகளை வரிசையாக அடுக்கலாம். நான் இதை விளக்க வாயெடுக்கும்போதே பெரியப்பா "முலாம் பூசின மணல்" என்றார். அதைவிடத் திருத்தமாக நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை. பூச்சின் தடிப்பை 15 நானோமீற்றர் என்று எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஒரு பவுண் தங்கத்தில் ஏறத்தாழ 5 கோடி கோடி ஓடுகளுக்கு முலாம் பூசலாம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உருண்டைக்கும் பூச்சுக்கும் உள்ள அளவு விகிதத்தை மாற்ற மாற்ற, அந்த ஓடு விழுங்கும் ஒளியும் மாறும். இதைச் சரியாக அமைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, 800 நானோமீற்றர் அளவில் உள்ளதை, பலமாக உறிஞ்சி வெப்பமாக்கும். ஏன் அந்த ஒளி? ரோச் லைற்றை இருட்டில் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் சிவப்பு மட்டும்தான் வரும். மற்ற நிறங்களை இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பையும் தாண்டி அகச்சிவப்பின் தொடக்கத்துக்குப் போனால் இரத்தமும் நீரும் குறைவாகவே உறிஞ்சும், ஒளி தசைக்குள் சில சென்ரிமீற்றர் வரை போகும். அதற்கு மேல் போகாது. இந்தச் சில சென்ரிமீற்றரை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

2019 இல் வெளிவந்த ஆய்வு நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவ மையத்தில் நடந்தது. 58 முதல் 79 வயது வரையான 16 ஆண்கள், எல்லோருக்கும் சுரப்பிக்குள் அடங்கிய, எம்.ஆர்.ஐ.யில் கண்ணுக்குத் தெரியக்கூடிய, குறைந்த அல்லது இடைநிலை ஆபத்துள்ள கட்டி. முதல் நாள் நாளத்தின் வழியாக ஓடுகளைச் செலுத்தினார்கள். அவை இரத்தத்தில் சுற்றி, கட்டியின் பக்கம் தேங்க ஒரு நாள் விட்டார்கள். அடுத்த நாள் எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, அதை வைத்து வழி பார்த்து, வெளியிலிருந்து அடித்தால் ஒளி அந்தச் சில சென்ரிமீற்றரைத் தாண்டாது என்பதால், லேசர் நாரை ஊசிபோலக் கட்டிக்குள்ளேயே இறக்கி 810 நானோமீற்றர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஓடு இருந்த இடம் வெந்தது. 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையை முடிக்க முடிந்தது. மூன்று மாதத்தில் எடுத்த பயொப்சியில் 15 பேரில் 9 பேருக்கும், ஒரு வருடத்தில் 13 பேருக்கும், சுட்ட இடத்தில் புற்றுநோய் இல்லை. சலம் கழிப்பதிலும் ஆண்மையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

பெரியப்பா பயந்த இரண்டும் இல்லை! அந்த வரியைத்தான் அவர் வீடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார், இப்போது எனக்கு விளங்குகிறது.

ஆனால் "சுட்ட இடத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சுரப்பியின் மற்றப் பகுதிகளைப் பற்றி அது பேசவில்லை. 16 பேர், ஒப்பிட வேறு குழு இல்லை, ஒரு வருடம். புரோஸ்டேட் புற்றுநோய் பத்துப் பதினைந்து வருடக் கணக்கில் நகரும் நோய். அதற்குப் பிறகு இன்னும் அதிக ஆட்களோடு ஆய்வைத் தொடர்ந்தார்கள், அது நல்ல விடயம், எனக்கு இந்த முறையில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் அந்த 16 பேரின் கதையை 69 வயது மனிதர் ஒருவர் கிளினிக்கைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாக்க முடியாது.

குறிவைப்பது யார்?

நான் இதைப் படிக்கும்போது என்னை நிறுத்தியது இந்த இடம். "குறிவைத்த சிகிச்சை" என்றவுடன் துகள் தானாகவே புற்றுநோயைத் தேடிப் போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம், வேட்டை நாய் மோப்பம் பிடிப்பதுபோல. மேலே சொன்ன ஓடுகளில் அப்படி ஒன்றும் இல்லை. வேகமாக வளரும் கட்டி அவசரத்தில் கட்டிய இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை, ஓட்டை உள்ளவை. துகள்கள் அங்கே கசிந்து நிற்கின்றன. ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் 1986 இல் விளக்கியது இந்தக் கசிவைத்தான். ஆனால் அதே ஓடுகளில் பெரும்பங்கு ஈரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேரும், ஏனென்றால் இரத்தத்தில் வரும் அந்நியப் பொருளைப் பிடிப்பதுதான் அங்குள்ள கலங்களின் வேலை. அப்படியானால் ஈரல் ஏன் வேகவில்லை? அங்கே லேசர் படவில்லை. அவ்வளவுதான். குறிவைத்தது நாரை இறக்கிய வைத்தியரின் கை. தங்கம் செய்தது, ஒளி பட்ட இடத்தில் சூடாவது மட்டும்.

பெரியப்பாவுக்கு ஊதுகுழலைச் சொல்லி விளக்கினேன். ஒட்டுப்பொடி வைத்த இடத்தில் சுவாலையை ஊதினால்தான் பொடி உருகிப் பிடிக்கும், நகை முழுக்கப் பொடியைத் தூவிவிட்டு நெருப்பே காட்டாமல் வைத்தால் என்ன நடக்கும்? "ஒண்டும் நடவாது." போத்தலில் இருப்பது நிஜத் தங்கமாகவே இருந்தாலும் நிலைமை இதுதான். அதோடு அவர் குடித்தது வாய்வழியாக. தங்கத் துகள் குடலால் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும், அநேகமாக அப்படியே வெளியே போய்விடும்.

நாளத்தில் ஏற்றினாலும் கணக்கு கடினமானது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழுவினர் பத்து வருடத்து ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் சொன்னது: செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது, நடு மதிப்பாக எடுத்தால், 0.7 வீதம். ஆயிரம் புறப்பட்டால் ஏழு. இது விலங்குகளில் எடுத்த கணக்கு, தங்கத்துக்கு மட்டும் உரியதும் அல்ல, ஆனாலும் இந்தத் துறையையே உலுக்கிய எண். 2020 இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது: ஓட்டையால் கசிவதைவிட, குழாய்ச் சுவரின் கலங்கள் தாங்களே துகள்களை விழுங்கி மறுபக்கம் கடத்துவதுதான் பெரும்பாலான வழியாக இருக்கலாம் என்று. முப்பது வருடம் எல்லோரும் நம்பிய விளக்கத்தையே திரும்பப் பார்க்கவேண்டி வந்தது.

தங்கத்தை மருந்து ஏற்றும் வண்டியாகப் பயன்படுத்தும் முயற்சிகளும் உண்டு. ரி.என்.எஃப். என்ற புரதம் கட்டியின் இரத்தக் குழாய்களைத் தகர்க்கும், ஆனால் நேரடியாக ஏற்றினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். அதை 27 நானோமீற்றர் தங்கத் துகளில் ஒட்டி 29 நோயாளிகளுக்குக் கொடுத்த முதற்கட்ட ஆய்வு 2010 இல் வெளிவந்தது. அந்த அழுத்த வீழ்ச்சி தடையாக வராமலே, முன்பு தாங்கிய அளவை விட அதிகமாகக் கொடுக்க முடிந்தது. ஆனால் அது கடைசி வரை மருந்தாகவில்லை. நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகம் 2021 இல் வெளியிட்டதில், சிறு தங்க உருண்டையைச் சுற்றி, கட்டியின் ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. இழைகளைக் கட்டி, மூளைக் கட்டி திரும்ப வந்த 8 பேருக்குச் செலுத்தினார்கள். பிறகு சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டிகளில் தங்கம் இருந்தது. மூளையைக் காக்கும் இரத்தத் தடையைத் தாண்டிப் போயிருக்கிறது, இது சின்ன விடயம் இல்லை.

ஆய்வுகூடத்தில் ஒரு சனிக்கிழமை

சொல்லிச் சொல்லிக் களைத்த பிறகுதான் செய்து காட்டுவோம் என்று தோன்றியது. பெரியப்பா பட்டறையிலிருந்து 24 கரட் தங்கத்தில் 10 மில்லிகிராம் சுரண்டித் தந்தார். அதைத் தங்கம் கரைக்கும் அமிலக் கலவையான இராச திராவகத்தில் கரைத்து, மெல்ல வற்றவைத்து, 200 மில்லிலீற்றர் வடித்த நீரில் சேர்த்துக் கொதிக்க வைத்து, எலுமிச்சை அமிலத்தின் உப்பான சோடியம் சித்திரேற்று விட்டேன். 1951 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் டர்க்கெவிச் செய்த முறை. (வீட்டில் யாரும் முயல வேண்டாம், திராவகத்தின் புகை நுரையீரலைத் தின்னும்.) மங்கல் மஞ்சள் நிறமற்றுப் போனது, பிறகு சாம்பல் கலந்த நீலம், பிறகு சில நிமிடத்தில் திராட்சைச் சாறு போன்ற செந்நிறம். பெரியப்பா கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். மைக்கல் ஃபரடே 1857 இல் இதே நிறத்தைப் பார்த்துத்தான் உலோகம் நுண்ணியதானால் ஒளியோடு நடந்துகொள்ளும் விதமே மாறுகிறது என்று சொன்னார். கர்ப்பம் பார்க்கும் பட்டியிலும் கொவிட் பட்டியிலும் வரும் சிவப்புக் கோடு பெரும்பாலும் இதே தங்கம்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். திராவகத்தில் தங்கம் பிரிக்கும் நாட்களில், கையில் ஒரு துளி பட்டுவிட்டால் அடுத்த நாள் விரல் ஊதாவாகும், எத்தனை தரம் கழுவினாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். அவருடைய மாஸ்டர் அதைத் "தங்கக் கறை" என்பாராம். பெரியப்பா, அது நானோ தங்கம்தான், கரைந்த தங்கத்தைத் திரும்ப உலோகமாக்கும் தாழ்த்தியாக உங்கள் தோல்தான் வேலை செய்தது என்றேன். நாற்பது வருடம் அவர் விரலில் இருந்திருக்கிறது.

பிறகு இரண்டு சோதனைக்குழாய். ஒன்றில் நாங்கள் செய்தது, மற்றதில் போத்தல் நீர். இரண்டிலும் உப்புக் கரைசல் விட்டேன். சித்திரேற்றோடு செய்த தங்கத் துகள்களை விலக்கி வைத்திருப்பது அவற்றின் மின்னேற்றம், உப்பு அதை மறைத்துவிட்டால் அவை ஒட்டிக்கொள்ளும், நிறம் நீலமாகும். எங்கள் குழாய் சில நொடியில் நீல ஊதாவானது. போத்தல் நீர் அப்படியே சிவப்பாக நின்றது. மேற்பூச்சுப் போட்ட நானோ தங்கம் உப்புக்கு அசையாது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை. எனவே வடிதாளில் புள்ளி வைத்து உப்பு நீரில் நிறுத்தினேன். எங்கள் புள்ளி வைத்த இடத்திலேயே நின்றது. போத்தல் புள்ளி மேலே ஏறி, ஒரு சிவப்பாகவும் ஒரு மஞ்சளாகவும் பிரிந்தது. கேசரிக்குப் போடும் கலரைப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கும் அதே செய்முறை.

பெரியப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உரைகல்லில் உரைத்துப் பார்த்தே எத்தனை பேருடைய சங்கிலியைப் பித்தளை என்று சொன்ன மனிதர் அவர். ஒன்றும் சொல்லாமல் போத்தலின் மூடியை இறுக்கி என்னிடம் தந்தார். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனார்.

அதன் பிறகு

வைத்தியர் ஏசவில்லை, இதை அழுத்தி எழுத வேண்டும். எத்தனை நாள் குடித்தீர்கள் என்று மட்டும் கேட்டு, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளுக்கு எழுதினார், இரண்டும் பிழையில்லை. கதைத்து முடிவானது கதிர்ச் சிகிச்சை, அதோடு 6 மாதம் ஆண் ஹோர்மோனை அடக்கும் ஊசி. பெரியப்பா தன் இரண்டு பயங்களையும் அன்றுதான் முதல்முறை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னார், நான் வெளியே வாங்கிலில் இருந்தேன். சலம் கட்டுப்படாமல் போகும் வாய்ப்பு கதிர்ச் சிகிச்சையில் சத்திரசிகிச்சையைவிடக் குறைவு, மற்றது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம், அதற்கும் மருந்துகள் உண்டு என்று வைத்தியர் அரை மணித்தியாலம் விளக்கியிருக்கிறார். ஏழு கிழமைக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போத்தலுக்கே இடம் இருந்திருக்காது.

தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் 20 நாள், நாலு கிழமை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே சனம் காசு சேர்த்துக் கட்ட உதவிய இடம். காங்கேசன்துறை வீதியால் பஸ்ஸில் போய், ஒவ்வொரு நாளும் மேசையில் படுக்க முதல் தண்ணீர் குடித்துச் சலப்பையை நிரப்பி வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் கதிருக்கு விலகி நிற்கும். அந்தக் காத்திருப்புத்தான் முழுச் சிகிச்சையிலும் கஷ்டம் என்றார். மூன்றாம் கிழமையிலிருந்து களைப்பும் சலக்கடுப்பும் வந்து, முடிந்து ஒரு மாதத்தில் போய்விட்டன. மூன்று மாதத்தில் பி.எஸ்.ஏ. 0.3. அதில் ஹோர்மோன் ஊசிக்கும் பங்கு உண்டு என்பதால் கொண்டாட வேண்டாம் என்று சொன்னார்கள். ஊசி நின்று ஒரு வருடம் கழித்து 0.7, இது எதிர்பார்த்த ஏற்றம்தான்.

தாமதம் கெடுதல் செய்ததா? இவருடைய நோயில் ஏழு கிழமை பெரிய வித்தியாசம் செய்திருக்காது என்றே வைத்தியர் நினைக்கிறார். ஆனால் இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய், வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வருவது. அதில் ஏழு கிழமை என்பது சின்ன வெட்டுக்கும் தாடையைப் பாதி எடுப்பதற்கும் இடையே உள்ள தூரமாக இருக்கலாம். அந்தப் போத்தலை நாக்கில் புண்ணோடு இருந்த ஒருவரும் வாங்கியிருப்பார் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

போன மாதம் அண்ணா ரொறன்ரோவிலிருந்து எடுத்து, அந்தத் தங்க ஓட்டு ஆய்வில் அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று திரும்பக் கேட்டார். பெரியப்பாவே போனை வாங்கிச் சொன்னார்: "அதுக்குக் கட்டி படத்தில தெரிய வேணும் ராசா. எனக்கு இப்ப தெரிய ஒண்டும் இல்லை." அடுத்த பி.எஸ்.ஏ. ஐப்பசியில். நாங்கள் செய்த சிவப்புத் தங்கம் ஆய்வுகூட அலுமாரியில் இன்னும் நிறம் மாறாமல் இருக்கிறது.